கேப் துப்பாக்கியும் .455 வெப்லியும்: ஒரு மாவீரத் தோட்டாவின் கதை

காமர்ஸ் படிக்கிற பையனுக்குத் துப்பாக்கியோடு என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே ஒரு பதில் சொல்லிவிடுகிறேன். எல்லாம் குற்றாலத்தால் வந்த வினை.

நான் நாலாவது படித்தபோது சாரல் சமயத்தில் மாமா எங்களை மெயின் ஃபால்ஸுக்குக் கூட்டிப்போனார். குளித்து முடித்து, தலையில் துண்டோடு கடைத்தெரு வழியாக வரும்போது ஒரு கடையில் கேப் துப்பாக்கி தொங்கியது. நானும் சும்மா இருந்திருக்கலாம். அழுது புரண்டு வாங்கிவிட்டேன். சாதாரணமாக தீபாவளிக்குக் கிடைக்கும் சுருள் கேப் ரகம் இல்லை அது. நடுவில் மடக்கினால் 'டக்'கென்று குழல் கீழே சாயும். உள்ளே எட்டு பொட்டு வைத்த சிவப்பு ரிங் கேப்பை மாட்டி, திரும்ப நிமிர்த்தி மூடவேண்டும். வெடித்ததைவிட மடக்கி மூடியதுதான் அதிகம். அந்த 'டக்' சத்தத்துக்காகவே ராத்திரி படுக்கையில் வைத்து மடக்கிக்கொண்டிருந்து ஆச்சியிடம் திட்டு வாங்கியது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

ப்ளஸ் டூ முடித்த லீவில் ஒரு பழைய ஆங்கிலப் படத்தில் பிரிட்டிஷ் அதிகாரி ஒருவர் ரிவால்வரை அதே மாதிரி மடக்குவதைப் பார்த்தேன். மடக்கியதும் ஆறு காலித் தோட்டாக்களும் ஒரே நேரத்தில் துள்ளி வெளியே விழுந்தன. அடடா, இது நம்ம குற்றாலத் துப்பாக்கி ஆச்சே என்று தேட ஆரம்பித்தேன். அன்று பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை. அந்த ரிவால்வரின் பெயர் வெப்லி. அது சுடும் தோட்டாவின் பெயர் .455.

இந்தக் கட்டுரை அந்தத் தோட்டாவைப் பற்றியது. ஆனால் எழுதத் தொடங்கியபோது நான் நினைத்திருந்த கட்டுரை இது இல்லை. அது ஏன் என்று போகப் போகத் தெரியும்.

முதலில் கொஞ்சம் அடிப்படை. தோட்டா வேறு, குண்டு வேறு. பித்தளைக் கூடு, அதன் அடியில் பொறி கிளப்பும் கேப், உள்ளே மருந்து, வாயில் செருகிய ஈயக் குண்டு, இந்த நாலும் சேர்ந்ததுதான் தோட்டா. பறந்து போவது குண்டு மட்டும். .455 என்பது அந்தக் குண்டின் குறுக்களவு, அங்குலக் கணக்கில். நம் கணக்குக்குச் சுமார் பதினொன்றரை மில்லிமீட்டர். எடை 265 கிரெயின், அதாவது சுமார் 17 கிராம். இப்போது அதிகம் கண்ணில் படாத அந்தப் பழைய தடிமனான அஞ்சு ரூபாய் நாணயம் ஞாபகம் இருக்கிறதா? அது ஒன்று 9 கிராம். அதில் இரண்டை உருக்கி ஒரு உருண்டை ஆக்கினால் எவ்வளவு கனமோ ஏறக்குறைய அவ்வளவு கனம் ஒரு குண்டு. அது பறக்கும் வேகம் மட்டும் ரொம்பக் கம்மி. விநாடிக்கு 190 மீட்டர் அளவுதான். ஒலியை எட்டிப் பிடிக்கவே முடியாது. கனமான ஆள், மெதுவாக வருவார், வந்தால் நகரமாட்டார். நம்ம பக்கத்துக் கல்யாண வீடுகளில் பார்த்திருப்பீர்களே, அந்த மாதிரிப் பெரியவர் இவர்.

பெரிய காலிபர் ரிவால்வர் என்றதும் பலருக்கு அமெரிக்காதான் ஞாபகம் வரும். 1873-ல் வந்த .45 கோல்ட், கௌபாய் படங்களின் கதாநாயகன். 1955-ல் வந்த .44 மேக்னம், அதை 1971-ல் 'டர்ட்டி ஹாரி' படத்தில் கிளின்ட் ஈஸ்ட்வுட் தூக்கிப் பிடித்ததும் உலகமே வாங்க ஓடியது. அவற்றின் ரசிகர்கள் வேறு கட்சி. நான் வெப்லி கட்சி.

பர்மிங்ஹாமில் இருந்த வெப்லி கம்பெனியின் ரிவால்வரை பிரிட்டிஷ் ராணுவம் 1887-ல் ஏற்றுக்கொண்டது. .455 என்று பெயர் வாங்கிய தோட்டா 1891-ல் வந்தது. அதற்குப் பிறகு மார்க் 2, மார்க் 3 என்று மாறி மாறி வந்து, 1915-ல் மார்க் 6 ரிவால்வர் வந்தபோது அது கிட்டத்தட்ட முழுமை அடைந்துவிட்டது. ஆறு அங்குலக் குழல், ஒரு கிலோவுக்கு மேல் எடை. சேறும் சகதியுமான முதல் உலகப்போர்ப் பதுங்குகுழியில் எந்தத் துப்பாக்கி மக்கர் பண்ணினாலும் இது பண்ணாது என்று பேர் வாங்கியது. அந்தப் போரில் மட்டும் சுமார் மூன்று லட்சம் செய்தார்கள். அதன் நுனியில் மாட்டுவதற்குக் கத்தி விற்றார்கள், ஆறு தோட்டாவையும் ஒரே அமுக்கில் சிலிண்டருக்குள் இறக்கும் கருவி விற்றார்கள். 'வெப்லி ஃபாஸ்பெரி' என்று ஒரு அதிசயப் பிறவியும் உண்டு. சுடும்போது பின்னால் உதைக்கும் அந்த உதையைக் கொண்டே தன் சிலிண்டரைத் தானே சுற்றிக்கொண்டு, அடுத்த தோட்டாவுக்குத் தயாராகிவிடும் ரிவால்வர். அதைச் செய்த ஃபாஸ்பெரியை மறந்துவிடாதீர்கள், இன்னும் இரண்டு பத்தியில் திரும்ப வருவார்.

அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் அதிகாரிகள் தங்கள் ரிவால்வரைச் சொந்தக் காசில் வாங்கவேண்டும். எந்தக் கம்பெனியாக இருந்தாலும் சரி, ராணுவத் தோட்டா அதில் போகவேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. பி.காம். மூளைக்கு இது ரொம்பப் பிடித்தது. கேபிடல் செலவு அதிகாரியின் தலையில், தோட்டா செலவு சர்க்காரின் தலையில்!

சரி, ஏன் இத்தனை பெரிய குண்டு? இதைத்தான் நான் முதலில் கேட்டிருக்கவேண்டும். ஆறு மாதம் கழித்துத்தான் கேட்டேன்.

கதை 1857-ல், நம் நாட்டில் ஆரம்பிக்கிறது. சிப்பாய்கள் எழுந்தபோது பிரிட்டிஷ் அதிகாரிகளிடம் இரண்டு வகை ரிவால்வர் இருந்தது. ஒன்று அமெரிக்கக் கோல்ட் நேவி, .36 காலிபர். குறி தப்பாது, ஆனால் குண்டு சின்னது. மற்றொன்று இங்கிலாந்தின் ஆடம்ஸ், பெரிய குண்டு. ஃபாஸ்பெரி சொன்ன ஒரு சம்பவத்தைத் துப்பாக்கிப் புத்தகங்கள் எல்லாம் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. கோல்ட் நேவி வைத்திருந்த அதிகாரி ஒருவர், தன்னை நோக்கி ஓடி வந்த சிப்பாய் ஒருவனை ஆறு முறை சுட்டாராம். அதில் ஐந்து பட்டும் அந்தச் சிப்பாய் நிற்காமல் வந்து வாளால் அதிகாரியின் தலையைப் பிளந்துவிட்டுத்தான் விழுந்தானாம். கதை எவ்வளவு நிஜமோ, அது செய்த வேலை நிஜம். 'சின்னக் குண்டு கொல்லும், ஆனால் நிறுத்தாது' என்ற எண்ணம் பிரிட்டிஷ் ராணுவத்தின் மண்டைக்குள் அறைந்த ஆணி மாதிரி இறங்கிவிட்டது. ஃபாஸ்பெரியும் இந்திய எல்லைப்புறச் சண்டையில் 1863-ல் விக்டோரியா கிராஸ் வாங்கியவர்தான். .450 வந்தது, .476 வந்தது, பிறகு .455 வந்தது.

நான் ஆசை ஆசையாகப் படித்துக்கொண்டிருந்த இடத்தில் இங்கேதான் கல் தடுக்கியது. நிறுத்த வேண்டிய ஆள் யார்? வாளோடு ஓடி வந்த அந்தச் சிப்பாய். நம்ம ஆள்.

அதற்கு மேல் படிக்கப் படிக்க இன்னும் மோசம். 1895-ல் சித்ரால் சண்டையில் புதிய .303 ரைஃபிள் குண்டு எதிரியைத் துளைத்துக்கொண்டு போய்விடுகிறது, ஆள் விழமாட்டேன் என்கிறான் என்று புகார். அதற்கு மருந்து கண்டுபிடித்த இடம் கல்கத்தா பக்கத்திலுள்ள டம்டம் தொழிற்சாலை. இன்றைக்கு நேதாஜி பெயரில் விமான நிலையம் இருக்கிறதே, அந்த டம்டம்தான். பெர்ட்டி கிளே என்ற அதிகாரி குண்டின் மூக்கில் உறையை எடுத்துவிட்டு ஈயத்தை வெளியே தெரியவிட்டார். உடம்பில் பட்டதும் காளான் மாதிரி விரியும். 'டம்டம் குண்டு' என்ற பெயர் உலகம் முழுக்கப் போனது இப்படித்தான். ரைஃபிள் செய்ததை ரிவால்வர் செய்யாமல் இருக்குமா? 1898-ல் .455 தோட்டாவுக்கு மார்க் 3 குண்டு வந்தது. முன்னும் பின்னும் கிண்ணம் மாதிரிக் குழித்த உருளை வடிவம். அதற்கு வைத்த செல்லப் பெயர் 'மேன்ஸ்டாப்பர்'. மனிதனை நிறுத்தி. எந்த மனிதனை என்று டப்பாவில் எழுதவில்லை.

1899-ல் நெதர்லாந்தின் ஹேக் நகரில் நாடுகள் கூடி, உடம்பில் விரியும் குண்டு கூடாது என்று பிரகடனம் செய்தன. அங்கே பிரிட்டன் சார்பில் பேசிய ஜான் ஆர்டாக் சொன்ன வாதத்தைப் படித்தபோது காதில் சூடு ஏறியது. நாகரிகமான சிப்பாய் சின்னக் குண்டு பட்டாலே 'எனக்குக் காயம்' என்று உணர்ந்து படுத்துவிடுவான், காட்டுமிராண்டி அப்படி இல்லை, நெஞ்சில் ஓட்டை விழுந்தாலும் மேலே மேலே வருவான், ஆகவே அவனுக்கு வேறு குண்டு வேண்டும் என்பது அந்த வாதத்தின் சாரம். பிரகடனத்திலேயே ஒரு ஓட்டையும் இருந்தது. கையெழுத்துப் போட்ட நாடுகள் தங்களுக்குள் சண்டை போடும்போது மட்டும்தான் அது கட்டும். சுரண்டை பக்கத்து விவசாயிக்கோ சூடான் மேய்ப்பனுக்கோ அதில் பாதுகாப்பு கிடையாது. பிரிட்டன் உடனே கையெழுத்தும் போடவில்லை, 1907-ல்தான் போட்டது. இருந்தாலும் வெளியே கெட்ட பேர் என்று 1900-லேயே மேன்ஸ்டாப்பரை வாபஸ் வாங்கிவிட்டார்கள்.

அதாவது, நான் மோகம் கொண்ட அந்தப் பெரிய தோட்டாவின் ஒவ்வொரு மில்லிமீட்டரும் நம் தாத்தாக்களுக்குத் தாத்தாக்கள் மீதிருந்த பயத்தால் அளக்கப்பட்டது. அமெரிக்கர்களும் சளைத்தவர்கள் இல்லை. பிலிப்பைன்ஸில் மோரோ வீரர்கள் .38 குண்டுக்கு அசரவில்லை என்று 1904-ல் பிணங்களையும் மாடுகளையும் சுட்டுப் பார்த்துச் சோதனை நடத்தி, கடைசியில் .45 காலிபர் பிஸ்டலுக்கு வந்து சேர்ந்தார்கள். அதை அவர்கள் ராணுவம் ஏற்றுக்கொண்டது 1911 மார்ச் 29 அன்று.

அந்த வருஷத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இப்போது ஊருக்கு வருவோம்.

தென்காசியில் பஸ் ஏறினால் செங்கோட்டை எட்டு கிலோமீட்டர்கூட இருக்காது. அங்கே வாஞ்சிநாதன் சிலையும் மணிமண்டபமும் இருக்கின்றன. ஸ்கூலில் வருஷா வருஷம் பேச்சுப்போட்டி வைத்து எங்கள் எல்லோருக்கும் அந்தக் கதை தெரியும். ஆனால் கையில் என்ன துப்பாக்கி என்று யாரும் சொல்லித்தந்ததில்லை. பேச்சுப்போட்டியில் நான் 'ரிவால்வரை உருவினான் வாஞ்சி' என்று கையைத் தூக்கிப் பேசி இரண்டாம் பரிசு வாங்கியிருக்கிறேன். தப்பு. அது ரிவால்வரே இல்லை. பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் ஆட்டோமேட்டிக் பிஸ்டல். பரிசாகத் தந்த சோப்பு டப்பாவைத் திருப்பிக் கேட்காமல் இருந்தால் சரி.

1911-ல் நம் பகுதி எப்படிப் பிரிந்து கிடந்தது என்று பார்த்தால்தான் விஷயம் விளங்கும். தென்காசியும் குற்றாலமும் பிரிட்டிஷ் திருநெல்வேலி ஜில்லா. செங்கோட்டை திருவிதாங்கூர் மகாராஜா சமஸ்தானம், 1956 நவம்பர் 1 அன்றுதான் நம் பக்கம் வந்தது. வாஞ்சி வேலை பார்த்தது மலைக்கு அந்தப் பக்கம் புனலூரில், திருவிதாங்கூர் காட்டிலாகாவில். அவருக்குத் துப்பாக்கிப் பயிற்சி கிடைத்ததோ புதுச்சேரியில், பிரெஞ்சுக்காரர் ஆட்சியில், லண்டனிலிருந்து தப்பி வந்திருந்த வ.வே.சு. ஐயரிடம். ஆக மூன்று கொடி, மூன்று சட்டம். 1904-ல் கொல்லம் வரை ரயில் வந்துவிட்டதால் காலையில் ஒரு ஆட்சியில் காபி குடித்துவிட்டு மத்தியானம் வேறு ஆட்சியில் சாப்பிடலாம்.

பிரிட்டிஷ் பகுதியில் 1878-ன் ஆயுதச் சட்டம் அமலில் இருந்தது. லைசென்ஸ் இல்லாமல் இந்தியன் கையில் துப்பாக்கி இருக்கக்கூடாது. வெள்ளைக்காரர்களுக்கு விதிவிலக்கு. இந்தச் சட்டத்தைப் பக்கத்தில் வைத்துத்தான் .455-ஐப் பார்க்கவேண்டும். அதிகாரியின் இடுப்பில் ஒரு கிலோ ரிவால்வர் தோல் உறையில் எல்லோரும் பார்க்கத் தொங்கும். அது வெளியே தெரியத்தான் செய்யவேண்டும், பாதி வேலையே அதுதான். ஒளித்து வைக்கவேண்டியவனுக்கு அது உதவாது. அவனுக்கு வேண்டியது தட்டையாக, சின்னதாக, கோட்டுப் பையில் வெளியே தெரியாமல் அடங்கும் ஒன்று. அமெரிக்கர் ஜான் பிரௌனிங் வரைந்து பெல்ஜியத்தின் எஃப்.என். தொழிற்சாலை செய்த பிஸ்டல்கள் சரியாக அப்படித்தான் இருந்தன. 1900 மாடலில் ஏழு தோட்டா, கைப்பிடிக்குள்ளேயே மேகஸின். (மேகஸின் என்பது சுத்தமான 'லிஃபோ' முறை. கடைசியாக உள்ளே போன சரக்கு முதலில் வெளியேறும். காஸ்ட் அக்கவுண்டிங் சாருக்கு இந்த உதாரணத்தைச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!)

அந்த மாடலுக்கான .32 தோட்டாவின் குண்டு 71 கிரெயின், நாலரை கிராம் சொச்சம். அதே அஞ்சு ரூபாய் நாணயத்தில் பாதி. .455 குண்டு இதைப்போல் கிட்டத்தட்ட நாலு மடங்கு. ஃபாஸ்பெரி கட்சிக்காரர்கள் இதைப் பார்த்தால் கைகொட்டிச் சிரித்திருப்பார்கள்.

அடுத்து நடந்தது உங்களுக்குத் தெரிந்ததுதான், சுருக்கமாகச் சொல்கிறேன். 1908-ல் வ.உ.சி.க்கும் சுப்பிரமணிய சிவாவுக்கும் தண்டனை. சுதேசிக் கப்பல் கம்பெனி நொடித்தது. தூத்துக்குடியில் அப்போது அதிகாரியாக இருந்த ஆஷ் மேல் கோபம். அவரே பிறகு திருநெல்வேலி கலெக்டர் ஆனார். நீலகண்ட பிரம்மச்சாரி ஊர் ஊராகப் போய் ஆள் சேர்த்தார். 1910-ல் தென்காசியில் ஒரு வீட்டில் காளி படத்தின் முன் கூடி, குங்குமம் கரைத்த நீரை வெள்ளையர் ரத்தமாக நினைத்துக் குடித்துச் சபதம் எடுத்தார்கள் என்று பின்னால் வழக்கில் சொல்லப்பட்டது. தென்காசியில் எந்தத் தெரு, எந்த வீடு என்று நான் சைக்கிளில் சுற்றித் தேடியதும் உண்டு. விசாரித்த இடத்தில் எல்லாம் காபி கிடைத்தது, வீடு கிடைக்கவில்லை.

1911 ஜூன் 17, சனிக்கிழமை. ஆஷும் அவர் மனைவி மேரியும் கொடைக்கானலில் இருந்த பிள்ளைகளைப் பார்க்கக் கிளம்புகிறார்கள். திருநெல்வேலியிலிருந்து மணியாச்சி ஜங்ஷன், அங்கே தூத்துக்குடியிலிருந்து வரும் போட் மெயிலுக்குக் காத்திருப்பு. முதல் வகுப்புப் பெட்டியில் எதிரெதிரே இருவர் மட்டும். மணி பத்தரைக்கு மேல். வாஞ்சி பெட்டிக்குள் ஏறி, கைக்கெட்டும் தூரத்தில் நின்று சுட்டார். குண்டு மார்பில் பாய்ந்தது. ஓடிப்போய் பிளாட்பாரத்துக் கழிப்பறைக்குள் புகுந்து, அதே பிஸ்டலை வாயில் வைத்துத் தன்னையும் சுட்டுக்கொண்டார். வயது 25. ஆஷைத் திருநெல்வேலிக்குத் திரும்பக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போனது. ஐந்தாம் ஜார்ஜுக்கு லண்டனில் முடிசூட்டு விழா ஜூன் 22. அதற்கு ஐந்து நாள் முன்பு இது.

வாஞ்சியின் சட்டைப்பையில் இருந்த கடிதத்தைப் பற்றியும், அதில் வரும் 'பஞ்சமன்' என்ற சொல் 'ஐந்தாமவன்' என்ற பொருளிலா சாதிப் பொருளிலா என்பது பற்றியும், ஆஷ் நல்லவரா கெட்டவரா என்பது பற்றியும் எங்கள் பக்கம் டீக்கடைகளில் இன்னும் சண்டை ஓயவில்லை. கடிதத்தை நான் படித்தவரையில், அதில் தர்மம் பேசும் குரலும் சாதி பேசும் குரலும் இரண்டும் கேட்கத்தான் செய்கின்றன. ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு இன்னொன்றைக் காதில் விழாத மாதிரி இருக்க என்னால் முடியவில்லை. அதைத் தனியாக எழுதவேண்டும். இங்கே துப்பாக்கியோடு நிறுத்திக்கொள்கிறேன்.

துப்பாக்கிக் கணக்கில் பார்த்தால், அந்த ரயில் பெட்டிக்குள் 'நிறுத்தும் சக்தி' என்ற ஐம்பது வருஷ விவாதத்துக்கு வேலையே இல்லை. ஓடி வருபவனை நிறுத்த வேண்டுமானால்தானே பெரிய குண்டு? உட்கார்ந்திருப்பவர் எங்கே ஓடி வரப்போகிறார்? 'வந்துகொண்டே இருப்பான்' என்று நினைத்து அவர்கள் வடிவமைத்த ஆள் வாளோடு கத்திக்கொண்டு வரவில்லை. டிக்கெட் எடுத்து ரயிலில் வந்தான். காலாட்படையின் கணக்குப் புத்தகத்தில் இந்தப் பதிவுக்கு வரிசையே கிடையாது.

அதன் பிறகு பின்தொடர்ந்து பார்த்தால் சின்னத் தோட்டாவின் சரித்திரம்தான் நீள்கிறது. 1914 ஜூனில் சரயேவோவில் இளவரசர் ஃபெர்டினாண்டைச் சுட்ட கவ்ரிலோ பிரின்சிப் கையிலும் எஃப்.என். பிரௌனிங்தான், 1910 மாடல். அதே வருஷம் ஆகஸ்ட் 26 அன்று கல்கத்தாவில் ரோடா கம்பெனிக்கு வந்த 50 மௌசர் பிஸ்டல்களையும் 46,000 தோட்டாக்களையும் புரட்சிக்காரர்கள் மாட்டு வண்டியோடு அப்படியே ஓட்டிப்போய்விட்டார்கள். 1928 டிசம்பரில் லாகூரில் சாண்டர்ஸ் கொல்லப்பட்டபோது பகத் சிங் கையில் இருந்தது .32 கோல்ட். அலகாபாத் மியூசியத்தில் இருக்கும் சந்திரசேகர ஆசாத்தின் பிஸ்டலும் .32 கோல்ட்.

பெரிய காலிபர் ரிவால்வர் ஒன்று நம் ஆள் கையில் பேசியது 1940 மார்ச் 13 அன்று, லண்டன் காக்ஸ்டன் ஹாலில். ஜாலியன்வாலா பாக் படுகொலை நடந்தபோது பஞ்சாப் கவர்னராக இருந்த மைக்கேல் ஓ'டயரை உதம் சிங் சுட்டது ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வரால். அது பெரிய காலிபர்தான். ஆனால் அதற்குள் இருந்தவை அந்தக் குழலுக்குச் சரியாகப் பொருந்தாத, அளவு சிறிய தோட்டாக்கள். குண்டு குழலுக்குள் இறுக்கமாகப் போனால்தான் பின்னால் உள்ள வாயு முழு பலத்தோடு தள்ளும். லொடலொடவென்று போனால் வாயு பக்கவாட்டில் கசிந்துவிடும், பலம் செத்துவிடும். மிகக் கிட்டத்தில் இரண்டு குண்டு வாங்கிய ஓ'டயர் இறந்தார். அன்று காயம்பட்ட ஸெட்லண்ட், லேமிங்டன், லூயி டேன் மூவரும் பிழைத்துக்கொண்டார்கள். துப்பாக்கி வாங்க முடிந்தவனுக்குச் சரியான தோட்டா வாங்க முடியவில்லை. இந்த ஒரு விவரத்தை அறிந்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இருபத்தோரு வருஷம் மனதில் வைத்திருந்து போன ஒருவருக்கு, கடையில் நாலு டப்பா சரியான அளவில் கிடைக்கவில்லை.

.455-இன் சொந்தக் கதை பிறகு மெல்ல இறங்குமுகம். உலகப்போர் முடிந்ததும் ராணுவம் உட்கார்ந்து கணக்குப் பார்த்தது. புதிய சிப்பாயை இத்தனை கனமான ரிவால்வரில் பழக்க நாள் ஆகிறது, தோட்டாவும் செலவு. சின்னதாக ஒன்று போதும் என்று 1932-ல் .38 என்ஃபீல்டுக்கு மாறிவிட்டார்கள். ஐம்பது வருஷமாக 'பெரிசு வேண்டும், பெரிசு வேண்டும்' என்று அடம்பிடித்த அதே ராணுவம்! ஆனாலும் கையிருப்பில் இருந்தவை இரண்டாம் உலகப்போர் வரை ஓடின. புனே பக்கம் கிர்க்கீ தொழிற்சாலையில் .455 தோட்டா செய்தார்கள். அடியில் 'கே.எஃப்.' என்று முத்திரை அடித்த பித்தளைக் கூடுகளுக்குச் சேகரிப்பாளர்களிடம் இன்றும் மவுசு உண்டு.

போர் முடிந்து உபரியாக விற்ற வெப்லிகளை அமெரிக்கர்கள் மலிவாக அள்ளிக்கொண்டார்கள். அங்கே .455 தோட்டா கிடைப்பது அரிது, .45 பிஸ்டல் தோட்டாவோ பெட்டிக் கடை மிட்டாய் மாதிரி. ஆகவே அது போகிற மாதிரி சிலிண்டரின் பின்பக்கத்தைச் சீவிவிட்டார்கள். சீவினதில் போனது கொஞ்சம் இரும்புதான். ஆனால் .45 பிஸ்டல் தோட்டாவின் அழுத்தம் இந்தப் பழைய கிழவனுக்கு அதிகம். சிலிண்டர் வெடித்துப்போனவையும் உண்டு. சீவாத சிலிண்டரோடு ஒரு மார்க் 6 கிடைத்தால் அங்கே அதற்குத் தனி விலை.

நம் நாட்டில் அதைச் சாதாரண ஆள் வைத்துக்கொள்ள முடியாது. ராணுவம், போலீஸ் புழங்கும் காலிபர் பொதுமக்கள் கைக்குப் போகக்கூடாது என்ற வெள்ளைக்காரன் காலத்து எண்ணம் சுதந்திரத்துக்குப் பிறகும் தொடர்ந்தது. .38, .455, 9 மில்லிமீட்டர் எல்லாம் 'தடை செய்யப்பட்ட காலிபர்' பட்டியல். லைசென்ஸ் உள்ளவர் ரிவால்வர் கேட்டால் அரசுத் தொழிற்சாலை கொடுப்பது .32. கான்பூரில் செய்கிறார்கள். 1857-ல் பயந்தவர்கள் கேலி செய்த அளவு, நமக்கு அனுமதித்த அளவு.

இதில் ஒரு தமாஷ். அந்த வெப்லி அண்ட் ஸ்காட் கம்பெனியே உள்ளூர்க் கூட்டாளியோடு சேர்ந்து 2020-ல் உத்தரப் பிரதேசத்தில் ஹர்தோய் மாவட்டத்துக்கு வந்து ரிவால்வர் தொழிற்சாலை போட்டது. எந்தக் காலிபர் தெரியுமா? .32. நான் செய்தியைப் படித்துவிட்டு ஹாஸ்டலில் சத்தமாகச் சிரித்தேன். ரூம்மேட்டுக்குக் காரணம் சொல்ல அரைமணி நேரம் ஆனது, சொல்லி முடித்தபோது அவன் தூங்கிவிட்டிருந்தான்.

எங்கள் தெருவில் ரிட்டயர்டு எஸ்.ஐ. தாத்தா ஒருவர் இருக்கிறார். சர்வீஸ் முழுக்க .38 ரிவால்வர் கட்டியவர். அதுவும் வெப்லி ஜாதிதான், நடுவில் மடங்குவது. இதையெல்லாம் எழுதுமுன் அவரிடம் ஒரு நாள் சாயங்காலம் உட்கார்ந்து, 'தாத்தா, சுட்டா எப்படி இருக்கும்?' என்று கேட்டேன்.

'எதுக்குடே சுடணும்? ரேஞ்சுல வருசத்துக்கு ஒரு தடவ சுட்டிருக்கேன். காது அடைச்சுக்கிடும். மத்தபடி இடுப்புல கெடந்துச்சு, அவ்வளவுதான்.'

'பெரிய குண்டுதான் ஆளை நிறுத்தும்னு சொல்றாங்களே தாத்தா.'

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். 'நா நெறைய பேர நிறுத்திருக்கேன். பாதி பேரு என் மீசையப் பாத்து நின்னான், மீதிப் பேரு ஓடிப்போயிட்டான். ஒனக்கு எதுக்குல இதெல்லாம்? பரீட்ச எப்ப?'

போன சாரலுக்குத் தங்கச்சி மகளை... மன்னிக்கவும், பெரியப்பா பேத்தியைக் கூட்டிக்கொண்டு குற்றாலம் போயிருந்தேன். ஐந்தருவியில் நல்ல தண்ணீர், கூட்டம் வேறு. கடைத்தெருவில் அதே ரகத் துப்பாக்கி, இப்போது பிளாஸ்டிக்கில், ஆரஞ்சு நிறத்தில் தொங்கியது. பாப்பா அதைப் பார்க்கவே இல்லை, சோப்பு நுரை ஊதும் டப்பாதான் வேண்டும் என்றாள். வாங்கிக் கொடுத்தேன். கடைக்காரர் சில்லறை எண்ணுகிற நேரத்தில் நான் ஆரஞ்சுத் துப்பாக்கியை எடுத்து ஒரு தடவை மடக்கிப் பார்த்தேன்.

'டக்' சத்தம் மட்டும் அப்படியே இருக்கிறது.